கஸ்தூரி குறைக்க வேண்டிய பன்னிரண்டு கிலோ

எடை மெஷினில் ஏறி இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தே முப்பது வருஷம் ஓட்டியவள் நான். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் போன வருஷத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஜிம்முக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள். இதயத்துடிப்பு, எரிந்த கலோரி, தூங்கிய மணிக்கணக்கு எல்லாம் உங்கள் போனில் தெரிகிறது. என்னிடம் இருந்தவை நாற்பது பக்க நோட்டுகள் மட்டும்தான். ஆனால் நீங்கள் இனிமேல் செய்யப்போகிற தப்புகளை எல்லாம் நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். அதில் ஒன்றையாவது உங்களிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

பளு தூக்குவது, மூச்சிரைக்க ஓடுவது, சாப்பாட்டைக் குறைப்பது. இந்த மூன்றையும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிஷம் என்ற கணக்கு உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கஸ்தூரியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

டோல்கேட் பக்கத்தில் பேட்டரிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது எங்கள் ஜிம். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை பெண்கள் நேரம், அந்த நேரத்துக்கு நான்தான் அதிகாரி. கஸ்தூரி ஒரு நாள் மீன் வாசனையோடு படியேறி வந்து நின்றாள். நாற்பத்தொரு வயது. ராயபுரத்தில் வீடு. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, பத்து மணிக்குள் விற்று முடித்துவிடுகிற வியாபாரம்.

"யக்கா, பன்னண்டு கிலோ எறக்கணும். நாலு மாசம் டைம் குட்த்துகீறாங்க."

"யாரு குடுத்தது? வூட்ல எதுனா கல்யாணமா?" என்று கிண்டலாகக் கேட்டேன். எங்களிடம் வருகிற பெண்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கல்யாணத்துக்காகத்தான் வருவார்கள்.

"டாக்டரு குட்த்தது. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய்கினு கீது. என்னுது ஒண்ணு அவருக்குக் குட்க்கப் போறேன். எண்பத்திரண்டு கிலோ கீற, இத்தோட கத்தி வெக்க முடியாது, எழுபதுக்கு எறங்கி வா, அப்பால பாக்கலாம்னுட்டாரு."

என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். அவள் கணவர் தேசப்பன், காசிமேட்டில் லாஞ்சு ஓட்டியவர். விசைப்படகை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கால் வீங்கி, கடலுக்குப் போவது நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. டயாலிசிஸ் வைக்கவேண்டிய நிலை வருவதற்குள் மாற்றிவிட்டால் நல்லது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக, அந்தப் பன்னிரண்டு கிலோவைக் குறைத்தே ஆகவேண்டும், அதுவும் நேரத்துக்குள் குறைத்தாகவேண்டும்.

முதல் நாள் அவளை நாற்பது கிலோ கம்பியைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னேன். தூக்கி நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். "இது இன்னாக்கா, ஐஸு போட்ட கூடைய வுட லேசா கீது."

வாரத்தில் மூன்று நாள் பளு, மூன்று நாள் ஓடும் மெஷின் என்று போட்டுக் கொடுத்தேன். என்ன சாப்பிடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நோட்டில் இடது பக்கம் அவள் எடை, வலது பக்கம் அவள் தூக்கிய எடை. ஆறே வாரத்தில் இடது பக்கம் எண்பத்திரண்டிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்துவிட்டது. நான் கை தட்டினேன், என்னோடு சேர்ந்து மொத்த ஜிம்மும் கை தட்டியது. வலது பக்கம் நாற்பது முப்பத்தைந்தாகி, பிறகு முப்பதாகியிருந்தது. சாப்பாட்டைக் குறைத்தால் பலம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான். பத்து கிலோ இறங்குவது கொஞ்சம் இல்லை. ஒரு காலத்தில் போட்டி மேடையேறிப் பளு தூக்கியவள் நான், எனக்கே அது உறைக்கவில்லை.

பிறகு எடை மெஷின் முள் எழுபத்தைந்தில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் அசையவில்லை. கஸ்தூரி தினமும் மெஷினில் ஏறுவாள், இறங்குவாள், என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் நான் செய்ததுதான் தப்பு. பளு தூக்குவதை வாரம் ஒரு நாளாகக் குறைத்தேன். ஐந்து நாள் ஓட்டம். ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடு, ஒரு நிமிஷம் நட, மறுபடி ஓடு, இப்படி இருபது முறை. அதற்கு மேல் கயிறு தாண்டுதல். சோற்றை ஒரு கைப்பிடியாகக் குறைத்தேன். இறங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பிழிவோம் என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றும், பாருங்கள்.

எங்கள் ஜிம்மைப் பெருக்கித் துடைக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா மேடம், அந்த மீன்காரப் பொண்ணு முன்னல்லாம் படி ஏறும்போதே கீயேர்ந்து கத்திகினு வரும். இப்ப கம்பிய புட்ச்சிகினு பேசாம வருதே?"

"உடம்பு இளைக்குதும்மா. அப்படித்தான் இருக்கும்."

"எளைக்கறது வேற மேடம், காயறது வேற" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தரை துடைக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு விநாடி நினைத்தேன். அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் பன்னிரண்டாவது ஓட்டத்தில் கஸ்தூரியின் கால்கள் பின்னிக்கொண்டன. நல்லவேளை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், மெஷினை நிறுத்தி அவளைத் தாங்கிப் பிடித்தேன். பாயில் படுக்கவைத்தபோது உதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து குடிக்கவைத்தேன். ஒரு வாய் குடித்தவள் டம்ளரையே பார்த்தாள். பிறகு அழுதாள்.

"உப்பு போட்டியாக்கா? ரெண்டு மாசமாச்சுக்கா, நாக்குல உப்பு பட்டு."

"நான் உப்பை விடச் சொல்லவே இல்லையேடி?"

எவ்வளவு கேட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வைத்து அனுப்பிவிட்டு, மறுநாள் மத்தியானம் நானே ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் போனபோது இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தரையில் இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே சாப்பாடு. வெள்ளைச் சோறு, வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டியதில் நிறம் போன சுரைக்காய். அவ்வளவுதான். தேசப்பனுக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன பத்தியம் அது. உப்பு கிடையாது, பருப்பு கொஞ்சம்போல, மீன் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. சுவரில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் மஞ்சள் கை பட்டுப் பட்டுக் கறை ஏறியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாள் வாங்கிப்போன அன்று இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது.

தேசப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். நான் கையமர்த்தினேன்.

"வாங்க யக்கா. நீங்கதானா அது? கோச்சிக்காதீங்க, மன்சுல கீறத கேட்டுர்றேன். நான் சீக்காளி, துன்றேன், சரி. நல்லா தெம்பா கீறவளுக்கும் இதையேவா எழுதிக் குட்ப்பீங்க? நெஞ்சுல ஈரமே இல்லியா ஒங்களுக்கு?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுவரைக் காட்டினேன். "நான் எழுதினது அந்தத் தாளுங்க. ரெண்டு முட்டை, ரெண்டு வேளையும் மீனு, பருப்பு, தயிரு. நீங்களே படிச்சிப் பாருங்க."

அவர் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். அவள் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மே இது?"

"இன்னா, இன்னா?"

"ஜிம்முல சொன்னாங்க, ஜிம்முல சொன்னாங்கன்னு ரெண்டு மாசமா எங்கிட்ட கத உட்டுகினு கீறியே, இன்னா இது?"

கஸ்தூரி நிமிர்ந்தாள். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற குரல் வந்துவிட்டது. "நீ உப்பில்லாம துன்னுகினு கீற. நான் ஒன் எதிர்க்க குந்திகினு கொயம்பு ஊத்தி, மீன போட்டுத் துன்னணுமா? தொண்டைல எறங்குமா எனக்கு?"

"அந்தாண்ட போய்த் துன்றது!"

"ஒளிஞ்சி துன்னு எனக்குப் பயக்கமில்ல."

வீட்டில் ஒருவர் பத்தியம் இருந்தால் மற்றவரும் அதே சட்டியில் சாப்பிடுவது நம் பக்கத்தில் புதிதில்லை. பாசம்தான். ஆனால் கிட்னி கெட்டவருக்கு எழுதிய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் மீன் கூடையும் சுமந்து, மத்தியானம் வந்து என்னிடம் இருபது தடவை ஓடியிருக்கிறாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உடம்பு வேறு வழியில்லாமல் தன் சதையையே எடுத்துச் செலவழித்திருக்கிறது. ஏழு கிலோ குறைந்தது என்று நான் கை தட்டியதில் பாதி அந்தச் சதைதான். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், எத்தனை பிடி சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டேனே தவிர, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

தேசப்பன் தன் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் கோபமில்லாமல் சொன்னார். "முப்பது வர்சம் மீன் புட்ச்சவன் மே நான். மீனுன்னா எனக்குத் துன்றது மட்டும்தானா? நாளைலேர்ந்து நீ மீன் கொயம்பு வெய்யி. நான் முள்ளெடுத்துப் போடறேன், நீ துன்னு. நான் பாத்துகினு கீறேன்."

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. சங்கராவோ கானாங்கத்தையோ, அவர் முள் எடுத்து, உதிர்த்து, அவள் தட்டில் வைப்பார். முதல் நாள் அவளுக்கு அழுகை அடங்கவில்லையாம். "அயுவாத மே, கொயம்புல உப்பு ஏறிடும்" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் என் எதிரில் மறுபடி அழுதாள். நானும் கூட அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் என் தாளைக் காட்டி, அவர்கள் சொன்னபடி அளவுகளைத் திருத்திக்கொண்டேன். பத்து நாள் ஓட்டத்தை முழுக்க நிறுத்தினேன். பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட்டம், அதுவும் பத்து முறையோடு சரி. பளு பழையபடி மூன்று நாள். மற்ற நாள் அவள் கூடை சுமக்கிற நடையே போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் எடை எண்ணூறு கிராம் ஏறியது. காய்ந்த உடம்பில் உப்பும் தண்ணீரும் திரும்பி வந்தால் ஏறத்தான் செய்யும். எனக்குத் தெரியும். தேசப்பனின் அக்காவுக்குத் தெரியுமா? அவள் ஒரு நாள் ஜிம்முக்கே ஏறி வந்து எல்லார் எதிரிலும் கேட்டாள்.

"எங்க தம்பி உயிரு இன்னா ஒனக்கு வெளையாட்டா கீதா? எறக்கச் சொன்னா ஏத்திவுட்டுகினு கீற?"

அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் தைரியம் இருந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதத்தை வீணாக்கியவள் நான்தானே, அவள் கேட்பதில் என்ன தப்பு? "இன்னும் மூணு வாரம் பாருங்கம்மா. இறங்கலைன்னா நானே ஆஸ்பத்திரிக்கு வந்து என் தப்புன்னு சொல்றேன்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் போனாள்.

முள் மெதுவாக இறங்கியது. எழுபத்து நாலு, எழுபத்து மூன்றரை, எழுபத்திரண்டரை. வலது பக்கம் முப்பதிலிருந்து முப்பத்தைந்து, நாற்பது, ஒரு நாள் ஐம்பது. படியேறும்போதே கத்திக்கொண்டு வர ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்காக நான் பதினொரு மணிக்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிட்னி கொடுக்கலாமா என்று பார்க்கிற ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கு நாலு நாள் இருந்தபோது எழுபத்தொன்று கிலோ இருநூறு கிராம். டாக்டர் சொன்னது எழுபது.

"மூணு நாளு வுடாம ஓடனா எறங்கிடும்க்கா. ஸ்வெட்டர போட்டுகினு ஓடறேன்."

வேண்டாம் என்றேன். கடுமையாக ஓடிய மறுநாள் நல்ல கிட்னி உள்ளவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் தெரியலாம். ரத்தத்திலும் சில எண்கள் ஏறிக் காட்டும். கிட்னி கொடுக்க வந்தவளுக்கு அப்படி வந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? ஒன்றேகால் கிலோ அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் எனக்கு இருந்தது. இரண்டில் எது பெரிய ஆபத்து என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று நாள் சும்மா இரு, சாப்பிடு, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பரிசோதனை அன்று காலையில் அவளுடைய போன் வந்தது. "யக்கா, திட்டாத. நேத்து ஓடிட்டேன். காசிமேட்லேர்ந்து டோல்கேட் வரிக்கும் ஓடிட்டு, திரும்பியும் ஓடியாந்தேன்."

அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை போகாது என்பார்களே, அந்தக் கதைதான். எனக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் ஓடியது தனக்காக இல்லையே, எப்படித் திட்டுவது?

"டாக்டருகிட்ட சொல்லிடு. டெஸ்ட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடு."

"சொன்னா, சொன்ன பேச்ச கேக்காதவன்னு என்னைத் தள்ளிட்டா?"

"நான் வரேன். கூட நிக்கிறேன்."

போனேன். டாக்டர் அதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவளை ஒரு பாட்டம் திட்டினார், அவளுக்குப் பயிற்சி கொடுத்த என்னையும் திட்டினார். பிறகு பரிசோதனையை ஒரு வாரம் தள்ளி வைத்தார். தேசப்பனின் உடம்பு அந்த ஒரு வாரம் தாங்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க தினமும் மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், அவள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாளா என்று பார்த்தேன். அவள் படுத்திருந்தாள். மேல்கூரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த வாரம் ரத்தமும் சிறுநீரும் சுத்தமாக வந்தன. எடை எழுபத்தொன்று கிலோ நானூறு.

"இன்னும் ஒண்ணரைக் கிலோ நிக்குதேம்மா?" என்றார் டாக்டர்.

"அது அவரு முள்ளெடுத்துப் போட்டது சார். அத்த எப்டி எறக்கறது?" என்றாள் கஸ்தூரி.

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன், சட்டியில் ஆரம்பித்து என் தப்பு வரைக்கும் எல்லாவற்றையும். அவர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளை நடக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார். "இந்த உடம்பு தாங்கும், செஞ்சிடலாம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கஸ்தூரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து பிடிவாதமாம். நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டு வந்து வைத்தாள். "அது வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள். நீளமான நடைபாதை. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். ஒரு கை தூரத்திலேயே கூட நடந்தேன்.

கிட்னி மாற்றியவர்களைத் தனியாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கலாம், பேசினால் கேட்காது. தேசப்பன் முகமூடியோடு சாய்ந்து படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது. எதையோ சொல்லப் பார்த்தார். பிறகு கையை மெல்ல இறக்கி, கட்டிலின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மூத்திரப் பையைத் தொட்டுக் காட்டினார். பை நிறைந்திருந்தது. நன்றாகப் பார் என்பது போல இன்னொரு தடவையும் காட்டினார்.

கஸ்தூரி தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாருக்கா, என்னுது அவருக்குள்ளாற வேல செய்துகினு கீது."

சிரிக்காதேடி, தையல் பிரிந்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.